வகுப்பறைச் சந்தடியும் பூசலார் கட்டிய கோயிலும்

மாசியும் பங்குனியும் பிறந்துவிட்டால் திருவள்ளூர் மாவட்டத் திருக்கோயில்களில் ஒரு காட்சியைத் தவறாமல் காணலாம். பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் பயிலும் மாணவ மாணவியர், பொதுத் தேர்வு நுழைவுச் சீட்டையும் எழுதுகோலையும் அர்ச்சனைத் தட்டில் வைத்து இறைவன் திருவடியில் சேர்ப்பித்துப் பெற்றுச் செல்வார்கள். சிறுவாபுரி முருகன் சந்நிதியிலும், பெரியபாளையம் பவானி அம்மன் சந்நிதியிலும், திருவள்ளூர் வீரராகவப் பெருமாள் சந்நிதியிலும் இது ஆண்டுதோறும் நிகழ்வது. உடன் வரும் தாய்மார்கள் அர்ச்சகரிடம் சொல்லும் வேண்டுதலைக் கூர்ந்து கேட்டால், அது பெரும்பாலும் மதிப்பெண்ணைப் பற்றியதாக இராது. "பிள்ளைக்குப் படிப்பில் மனம் நிற்க வேண்டும் சாமி" என்பதே அவர்கள் கேட்கும் வரம்.

மனம் நிற்க வேண்டும் என்பது எளிய வேண்டுதல் அன்று. கும்மிடிப்பூண்டி வட்டத்துப் பள்ளி ஒன்றின் வகுப்பறையில் ஒரு முற்பகல் அமர்ந்து பார்த்தவர்கள் இதனை அறிவார்கள். சென்னையிலிருந்து வடக்கே செல்லும் இருப்புப் பாதையும், 16ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையும் இவ்வட்டத்தை ஊடறுத்துச் செல்கின்றன. சிப்காட் தொழிற்பேட்டைக்குச் சரக்கேற்றிச் செல்லும் கனரக வண்டிகளின் ஊதொலி பகல் முழுவதும் ஓய்வதில்லை. தொடக்கப் பள்ளிகள் சிலவற்றில் இரண்டு வகுப்புகள் ஒரே கூடத்தில் நடைபெறும். இங்கே வாய்ப்பாடு சொல்லப்படும்போது அங்கே பாட்டு பாடப்படும். எல்லைப் புறமாகையால் தமிழும் தெலுங்கும் என்றுமே இங்குக் கலந்து ஒலித்தவை. செங்கற்சூளைகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் பிழைப்புத் தேடி வந்தோரின் பிள்ளைகள் வாயிலாக இப்போது ஒடியாவும் இந்தியும் அவற்றோடு சேர்ந்துள்ளன. இத்தனைக்கும் நடுவே ஒரு பிள்ளை கரும்பலகையை நோக்கி அமர்ந்திருக்கிறது.

இப்பிள்ளைக்கு நாம் என்ன சொல்லலாம்? "கவனமாகப் படி" என்று சொல்வது யாவர்க்கும் எளிது. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக வகுப்பில் நின்று அதையே சொல்லி வந்தவன் நான். அச்சொல்லால் ஒரு பிள்ளைக்கேனும் கவனம் வந்ததாக எனக்கு நினைவில்லை. எப்படிக் கவனிப்பது என்பதை ஒருவரும் சொல்லித் தருவதில்லை, அதுவே குறை. சொல்லித் தரத்தக்க ஒரு வரலாறு நம் மாவட்டத்திலேயே இருக்கிறது என்பதை நான் காலம் கடந்தே உணர்ந்தேன்.

தொண்டை நன்னாட்டுத் திருநின்றவூரில் வாழ்ந்தவர் பூசலார் நாயனார். இன்று மக்கள் வழக்கில் தின்னனூர் என்று வழங்கும் அதே ஊர்தான். அவரது வரலாற்றைப் பன்னிரண்டாம் நூற்றாண்டில் குன்றத்தூர்ச் சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்தில் பாடியுள்ளார். சிவபெருமானுக்கு ஒரு கோயில் எழுப்ப வேண்டும் என்று பூசலார் விரும்பினார். பொருள் தேடி எங்கெங்கும் அலைந்தார், கிடைக்கவில்லை. வருந்தினார். பின்னர் மனத்தினாலேயே கோயில் கட்டத் துணிந்தார்.

இவ்வளவும் அன்பர்கள் பலர் அறிந்ததே. ஆனால் அவர் எவ்வாறு கட்டினார் என்று சேக்கிழார் கூறும் பகுதியைப் பலர் விரைந்து கடந்துவிடுகிறார்கள். பூசலார் கண்ணை மூடி ஒரு முழுக் கோயிலை ஒரே நொடியில் கற்பனை செய்துவிடவில்லை. முதலில் பொருளைச் சிறிது சிறிதாக மனத்திலேயே சேர்த்தார். வேண்டிய கருவிகளையும் மரம் முதலியவற்றையும் தச்சரையும் மனத்திலேயே தேடிக் கொண்டார். நல்ல நாள் பார்த்து அடிநிலை இட்டார். உபானம் என்னும் அடித்தளத்திலிருந்து தொடங்கி, ஆகம முறைப்படி ஒவ்வோர் உறுப்பாக மேலே எழுப்பி, சிகரம் அமைத்து, தூபி நாட்டி, சுதை வேலை முடித்து, கிணறு தோண்டி, மதில் எடுத்து, குளமும் அமைத்தார். இரவிலும் கண் துயிலாது இப்பணியில் ஈடுபட்டார். பணி நிறைவுறப் பல நாள் ஆயிற்று.

அதே காலத்தில் காஞ்சியில் காடவர் கோமானாகிய பல்லவ மன்னன் கல்லால் ஒரு பெருங்கோயில் எடுத்தான். கயிலாசநாதர் கோயிலே அது என்றும், எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட இராசசிம்மனே அம்மன்னன் என்றும் அறிஞர் கருதுவர். குடமுழுக்குக்கு முதல் நாள் இரவு இறைவன் மன்னன் கனவில் தோன்றி, நின்றவூர்ப் பூசல் நெடுநாள் நினைந்து செய்த ஆலயத்தில் நாளை நாம் புகுகின்றோம். நீ வேறொரு நாள் கொள்வாயாக என்று பணித்தருளினான். மன்னன் நின்றவூர் வந்து அக்கோயில் எங்கே என்று வினவ, அப்படியொரு கோயில் இங்கு இல்லை என்றனர் ஊரார். பின்னர் மன்னனே பூசலாரிடம் சென்று வணங்கிக் கேட்க, நடந்ததை அவர் நடுங்கி உரைத்தார்.

இங்கு மாணவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பூசலார் இதற்காகக் காட்டுக்குச் சென்றதாகச் சேக்கிழார் கூறவில்லை. ஊருக்குள்தான் இருந்தார். பல நாள் செய்த வேலை என்றால் இடையிடையே ஆயிரம் தடைகள் வந்திருக்கும். அண்டை வீட்டில் பேச்சொலி எழுந்திருக்கும்; தெருவில் வண்டி போயிருக்கும். ஒவ்வொரு தடவையும் அவர் மீண்டு வந்து, விட்ட கல்லிலிருந்து அடுத்த கல்லை வைத்திருக்க வேண்டும். இது என் ஊகமே; புராணத்தில் இவ்வாறு இல்லை. ஆயினும் வரிசையாகக் கட்டியவர்க்கு விட்ட இடம் தெரியும் என்பது உறுதி.

வகுப்பறையில் நேர்வதும் இதுவே. ஆசிரியர் எட்டாம் வகுப்பில் மின்சுற்று பற்றிப் பாடம் நடத்துகிறார் என்று கொள்வோம். ஒரு மாணவன் சொற்களை வெறுமனே கேட்டுக் கொண்டிருக்கிறான். மற்றொருவன் மனத்தில் ஒரு மின்கலத்தை வைக்கிறான், அதன் நேர்முனையிலிருந்து ஒரு கம்பியை இழுக்கிறான், சாவியைப் பொருத்துகிறான், அப்போது வெளியே ஒரு சரக்கு இரயில் கடகடத்துச் செல்கிறது. இருவர் மனமும் இரயிலின் பின்னே ஓடத்தான் செய்யும். ஓடுவது குற்றமன்று, அது காதின் இயல்பு. இரயில் கடந்த பின் முதல் மாணவனுக்குத் திரும்பி வர ஓர் இடம் இல்லை. இரண்டாமவனோ, "சாவி வரை வந்தோம், இனி விளக்கு" என்று அங்கேயே வந்து நிற்கிறான். கவனம் சிதறாதவன் எவனும் இலன். திரும்பி வரும் வழி தெரிந்தவனையே நாம் கவனமுள்ளவன் என்கிறோம்.

அலையும் மனத்தை அது எங்கெங்கே ஓடுகிறதோ அங்கங்கிருந்து மீட்டுக் கொணர்க என்பது கீதையின் ஆறாம் அத்தியாயத்துக் கருத்து. அதே அத்தியாயத்தில் அர்ச்சுனன், மனத்தை அடக்குவது காற்றை அடக்குவதுபோல் அரிதாயிற்றே என்று முறையிடுகிறான். கண்ணபிரான் அதனை மறுக்கவில்லை. அரிதுதான் என்று ஒப்புக்கொண்ட பின்னரே பயிற்சியைப் பற்றிப் பேசுகிறான். பிள்ளைகளிடம் பேசும்போது நாமும் அந்த ஒப்புதலிலிருந்து தொடங்கினால் நன்று.

இனிப் பயிற்சிக்கு வருவோம். பாடவேளை தொடங்குமுன் இரண்டு நிமிடம் அன்றைய பாடத்தின் தலைப்புகளையும் படங்களையும் மட்டும் புரட்டிப் பார்த்துக் கொள்ளுதல் அடிநிலை இடுவதற்கு ஒப்பாகும். பாடம் நடக்கும்போது கேட்பதை மனத்தில் படமாக அடுக்குதல் வேண்டும். கணக்காயின் ஒவ்வொரு படியையும் ஆசிரியர் எழுதுமுன் அடுத்த படி என்னவாக இருக்கும் என்று தானே ஊகித்துப் பார்க்க வேண்டும். தவறினும் பாதகமில்லை, ஊகித்தவன் காது விழித்திருக்கும்.

மற்றொன்று, என் மாணவர்களுக்கு நான் சொல்லிப் பயன் கண்டது. மனம் வெளியே சென்று திரும்பியதை உணரும் ஒவ்வொரு முறையும் குறிப்பேட்டின் ஓரத்தில் ஒரு சிறு புள்ளி வைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். தன்னை நொந்துகொள்ளக் கூடாது. ஒரு மாணவிக்கு முதல் நாள் பாடவேளை முடிவதற்குள் பக்கத்தின் ஓரம் நிறைந்துவிட்டது. அவள் அழும் நிலைக்கு வந்துவிட்டாள். "இத்தனை தடவை திரும்பி வந்திருக்கிறாயே அம்மா" என்று சொன்ன பிறகுதான் அவள் முகம் தெளிந்தது. நான் அப்புள்ளிகளை எண்ணிப் பரிசளிக்கவில்லை. அளித்திருந்தால் மறுநாளே பிள்ளைகள் புள்ளி வைப்பதை நிறுத்தியிருப்பார்கள். பிள்ளைகளை நாம் அறியாதவர்களா?

பதற்றம் மிகும்போது, மூச்சை இயல்பாக உள்ளிழுத்து, இழுத்த நேரத்தைவிடச் சற்று நீளமாக வெளிவிடுதலை ஐந்தாறு முறை செய்தால் நெஞ்சத் துடிப்பு தணியும். இதனைத் தேர்வுக் கூடத்தில் வினாத்தாளைத் திறக்குமுன்னும் செய்யலாம். அருகிலிருப்பவருக்குத் தெரியவும் தெரியாது.

இதுவரை கூறியவை பிள்ளைகள் செய்யத்தக்கவை. பூசலாரைக் காட்டிப் பிள்ளைகளுக்கு உபதேசம் செய்துவிட்டுப் பெரியவர்களாகிய நாம் ஒதுங்கிக் கொள்வது நேர்மையாகாது. பூசலார் முதிர்ந்த அடியவர். வகுப்பில் அமர்ந்திருப்பதோ குழந்தை. இரைச்சலுக்கிடையே பேச்சைப் பிரித்தறியும் ஆற்றல் பெரியோருக்கு இருக்கும் அளவு சிறு பிள்ளைகளுக்கு இருப்பதில்லை. பதின்பருவத்தில்தான் அது முதிர்கிறது. நமக்குத் தெளிவாகக் கேட்கும் சொல் கடைசி வரிசையில் இருக்கும் ஏழு வயதுப் பிள்ளைக்குப் பாதிதான் கேட்டிருக்கலாம்.

இரயில் பாதையருகே பள்ளி அமைந்த நம் ஊர்களுக்கென்றே செய்யப்பட்டதுபோல் ஓர் ஆய்வு உண்டு. நியூயார்க் நகரின் மன்ஹாட்டன் பகுதியில், உயர்மட்ட இருப்புப் பாதைக்கு அருகில் ஒரு பொதுப் பள்ளி இருந்தது. கட்டடத்தின் ஒரு பக்கத்து வகுப்பறைகள் பாதையை நோக்கியிருந்தன. மறுபக்கத்து அறைகள் அமைதியாக இருந்தன. சில நிமிடங்களுக்கு ஒருமுறை வண்டி கடக்கும். கடக்கும் வரை ஆசிரியர் பேச்சை நிறுத்த வேண்டும். ஆர்லின் பிரான்சாப்ட், டென்னிஸ் மெக்கார்த்தி என்னும் இருவர் இரு பக்கத்துப் பிள்ளைகளின் வாசிப்புத் திறனை ஒப்பிட்டு 1975இல் முடிவை வெளியிட்டனர். ஆறாம் வகுப்பை எட்டும்போது, இரைச்சல் பக்கத்துப் பிள்ளைகள் ஏறத்தாழ ஓராண்டு பின்தங்கியிருந்தனர். பிள்ளைகளின் மன உறுதி குறைவென்று அதன்பின் ஒருவரும் அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. தண்டவாளத்தின் அடியில் இரப்பர் மெத்தைகள் பொருத்தப்பட்டன. வகுப்பறைகளின் உட்கூரையில் ஒலியை உறிஞ்சும் பலகைகள் அமைக்கப்பட்டன. 1981இல் வெளியான மறு ஆய்வில் இரு பக்கத்துக்கும் வேறுபாடு காணப்படவில்லை. ஜெர்மனியின் மியூனிக் நகரில் பழைய விமான நிலையம் 1992இல் மூடப்பட்ட போதும் அதனருகே வாழ்ந்த பிள்ளைகளின் நினைவாற்றலும் வாசிப்பும் மேம்பட்டன. புதிய நிலையத்தின் அருகே வாழ்ந்தோரிடம் அவை குன்றின.

இரைச்சல்கள் எல்லாம் ஒரு தன்மையன அல்ல என்பதும் அறியத்தக்கது. மின்விசிறியின் சீரான ஓசைக்குக் காது பழகிவிடும். பேச்சொலிக்குப் பழகுவது கடினம். அறியாத மொழியில் ஒலிக்கும் பேச்சுகூட, வரிசையாக நினைவில் வைக்க முயல்வதைக் குலைத்துவிடும் என்று கோல், வெல்ஷ் என்னும் அமெரிக்க ஆய்வாளர்கள் 1976இல் காட்டினர். ஒரே கூடத்தில் இரு வகுப்புகள் நடத்த நேரும் ஆசிரியர்கள், ஒரு வகுப்பு வாய்விட்டுப் படிக்கும் வேளையில் மற்றதற்கு எழுத்து வேலையோ வரைதலோ அளித்தால் இருபுறமும் நலம். மனப்பாடத்தை அவ்வேளையில் வைக்கக் கூடாது. இங்கு என் பிழையையும் சொல்லிவிடுகிறேன். வகுப்பில் சந்தடி எழுந்தால் அதனினும் உரத்த குரலில் "சத்தம் போடாதே" என்று கத்துவதே என் வழக்கமாக இருந்தது. அக்கூடத்தில் மிகப் பெரிய சத்தம் என்னுடையதுதான். தொண்டை கெட்டு மருத்துவரிடம் சென்ற பின்னரே, குரலைத் தாழ்த்தினால் முன்வரிசையும் தாழ்த்தும், பின்வரிசையும் காது கொடுக்கும் என்பதைக் கற்றேன்.

வீட்டு நிலைமையையும் பார்க்க வேண்டும். தொழிற்பேட்டையில் இரவுப் பணி முடித்துத் தந்தை பகலில் உறங்கும் ஒற்றை அறை வீடுகள் இப்பகுதியில் ஏராளம். அங்குப் பிள்ளை பகலில் வாய்விட்டுப் படிக்க இயலாது. மாலையில் தொலைக்காட்சி ஒலிக்கும். உறங்கும் நேரம் சுருங்கிவிடுகிறது. பதின்மூன்று முதல் பதினெட்டு வயது வரை உள்ளோர்க்கு எட்டு முதல் பத்து மணி நேர உறக்கம் தேவை என்பது மருத்துவர்களின் பரிந்துரை. பூசலார் கண் துயிலாது கட்டினார் என்பதைத் தேர்வுக்கால இரவுகளுக்கு மேற்கோளாகக் காட்டிவிடாதீர்கள். அது பக்திக்குரியது, பதினைந்து வயதுப் பிள்ளைக்குரியதன்று. பசியும் அப்படியே. வெறும் வயிற்றோடு வந்த பிள்ளைக்கு மூச்சுப் பயிற்சி சொல்லித் தருவது கேலியாக முடியும். தமிழ்நாட்டில் 2022 செப்டம்பரில் தொடங்கப்பெற்று, 2023 ஆகஸ்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிவாக்கப்பட்ட காலை உணவுத் திட்டத்தை இவ்வகையில் மன ஒருமைக்கான ஏற்பாடு என்றும் கூறலாம்.

இன்னொரு செய்தி. "கவனமே இல்லை" என்று பெயர் வாங்கிய பிள்ளைகளிற் சிலருக்குக் காதில் சீழோ, கண்ணில் பார்வைக் குறைவோ இருந்து, கண்ணாடி அணிவித்த மறுவாரமே நிலை மாறியதை ஆசிரியர் பலர் கண்டிருப்பர். மந்திரித்துக் கயிறு கட்டுவதைக் குறை கூற வரவில்லை. அதற்கு முன்போ பின்போ, பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவினரிடமோ அரசு மருத்துவமனையிலோ காட்டிவிட வேண்டும். தொடர்ந்து ஓரிடத்தில் அமரவே இயலாது தவிக்கும் பிள்ளைக்கு அது பிடிவாதம் அன்றி மருத்துவத்தால் உதவத்தக்க நிலையாகவும் இருக்கலாம்.

இறுதியாக, திருக்கோயிலுக்கு வரும் நாம் நம்மையே கேட்டுக் கொள்ள வேண்டிய ஒன்று. நம் நாட்டில் 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள், அமைதி மண்டலமாக அறிவிக்கப்படும் பள்ளியைச் சுற்றி நூறு மீட்டர் அளவும் பகலில் 50 டெசிபலைத் தாண்டக் கூடாது என்கின்றன. தொழிற்பகுதிக்குப் பகலில் 75 வரை இடமுண்டு. இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. விழாக்களுக்கென அரசு ஆண்டில் பதினைந்து நாளுக்கு மேற்படாமல் நள்ளிரவு வரை மட்டும் தளர்த்தலாம். இவ்விதிகளைத் தொழிற்சாலை மீறினால் நாம் மனுக் கொடுக்கிறோம். நம் தெருக் கோயிலின் ஒலிபெருக்கி மீறினால் பக்தி என்கிறோம். மாசி, பங்குனித் திருவிழாக்களும் பொதுத் தேர்வும் ஒரே காலத்தில் வருகின்றன. எங்கள் ஊர்க் கோயிலொன்றில் தேர்வுக் காலத்தில் அதிகாலைப் பாட்டை நிறுத்த வேண்டும் என்று விழாக் குழுவினரிடம் நான் கேட்டபோது, "சாமிக்கு விரோதமாகப் பேசுகிறீர்களே ஐயா" என்றார் பெரியவர் ஒருவர். ஊரில் யாருக்கும் கேட்காத கோயிலில் இறைவன் குடிபுகுந்த வரலாற்றை அவரிடம் கூறினேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, குழாய் ஒலிபெருக்கியைக் கழற்றிவிட்டுப் பிரகாரத்துக்குள் மட்டும் கேட்கும் சிறு பெட்டியை வைக்க இசைந்தார். அந்த ஆண்டு தேர்வு முடியும் வரை அப்படியே இருந்தது. அடுத்த ஆண்டு மறுபடியும் சென்று கேட்க வேண்டியதாயிற்று.

பூசலார் நாயனாருடைய திருவுருவத்தோடு இருதயாலீசுவரர் எழுந்தருளியுள்ள திருக்கோயில் திருநின்றவூரில் உள்ளது. நாயனார் குருபூசை ஐப்பசி அனுட நாளில் நடைபெறும். அதே ஊரில் பக்தவத்சலப் பெருமாளும், என்னைப் பெற்ற தாயாரும் எழுந்தருளியுள்ள திவ்விய தேசமும் உண்டு; இரண்டையும் ஒரே வேளையில் சேவிக்கலாம். கும்மிடிப்பூண்டி, பொன்னேரிப் பகுதியிலிருந்து வருவோர் புறநகர் இரயிலில் சென்னை வந்து, திருவள்ளூர் அல்லது அரக்கோணம் செல்லும் வண்டிக்கு மாறித் திருநின்றவூர் நிலையத்தில் இறங்கலாம். பிள்ளைகளை அழைத்து வருவோர், வழியில் அந்த இரயில் பெட்டியின் இரைச்சலுக்கிடையே, அன்று பள்ளியில் படித்த ஒரு பாடத்தை முதற் கல்லிலிருந்து மனத்தில் அடுக்கிப் பார்க்கும்படி அவர்களிடம் சொல்லலாம். நிலையம் வருவதற்குள் எதுவரை கட்டினார்கள் என்று இறங்கும்போது கேட்டுக் கொள்ளுங்கள்.